தத்துவம் படித்தால் விடுதலையாமே, எதிலிருந்து?

மகாதேவபுரம்வாசி | 3 ஆகஸ்ட், இரவு 10.40

தத்துவம் படிச்சா மனசு விடுதலையாகும்னு ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொல்றார். நான் பார்த்தவரைக்கும் படிச்சவங்க வாக்குவாதத்துல கெட்டிக்காரங்களா ஆகியிருக்காங்க, நிம்மதியா ஆகலை. என் கட்சி இதுதான்: தத்துவம் நேரம் போகாதவங்க பொழுதுபோக்கு. மறுக்கிறவங்க பொத்தாம்பொதுவா பேச வேண்டாம். எதை எடுத்து, எத்தனை பக்கம், எப்படிப் படிச்சா, எதிலேர்ந்து விடுதலை? அதைச் சொல்லுங்க.

அளவை | 3 ஆகஸ்ட், இரவு 11.50

எதிலிருந்து என்பதையே முதலில் பிடிப்போம். வாடகை, ஈஎம்ஐ, மேனேஜர், மாமியார் இவற்றிலிருந்து தத்துவம் யாரையும் விடுவிக்காது. ஓர் எண்ணம் தோன்றிய மாத்திரத்தில் அதை உண்மையென்று நம்பி, அது இழுத்த பக்கமெல்லாம் போகிறோமே, அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கும். அதுவும் பழகினால்தான்.

வாக்குவாதப் புகாருக்கு வருகிறேன். கௌதமரின் (புத்தர் அல்ல, தர்க்க ஆசிரியர்) நியாய சூத்திரம் தொடக்கத்திலேயே 16 பொருள்களை அடுக்கி, இவற்றை உள்ளபடி அறிந்தால் உயர்ந்த நன்மை என்கிறது. அந்த 16-க்குள் ஐயம், எடுத்துக்காட்டு, போலிக் காரணம், வாதத்தில் தோற்கும் இடங்கள் எல்லாம் அடக்கம். அடுத்த சூத்திரம் ஒரு சங்கிலி: பிழையான அறிவு போனால் விருப்பு வெறுப்பு போகும், அது போனால் செயலின் உந்துதல் போகும், பிறகு பிறவி, பிறகு துன்பம். பிறவியில் நம்பிக்கை இல்லாதவர் முதல் இரண்டு கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், வேலைக்கு அதுவே போதும்.

அதே நூல் பேச்சை மூன்றாக்குகிறது. உண்மை தெரிய வேண்டும் என்று இருவரும் பேசினால் வாதம். ஜெயிக்கவே பேசினால் சல்பம். தன் கட்சி என்று ஒன்றும் வைக்காமல் எதிராளியை உடைப்பது மட்டுமே வேலை என்றால் விதண்டை. நீங்கள் பார்த்தவர்கள் கடைசி வகுப்பில் தங்கிவிட்டவர்கள். அங்கே கூட்டம் எப்போதும் அதிகம், ஏனென்றால் அதற்குப் பாதிப் படிப்பு போதும்.

அளவை | 4 ஆகஸ்ட், காலை 6.20

எத்தனை பக்கம் என்றால், முதல் மாதத்துக்கு வாரம் ஒரு பக்கம்.

150 சொல் அளவில் ஒரு பத்தியை எடுங்கள். மூன்று முறை வாசிப்பு. முதல் முறை பென்சிலைத் தொடக் கூடாது. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, இவர் நான் எதை நம்ப வேண்டும் என்கிறார் என்று சொந்தத் தமிழில் ஒரே வாக்கியம் எழுத வேண்டும். இரண்டாம் முறை ‘ஏனெனில்’, ‘ஆதலால்’, ‘ஆகவே’ வரும் இடங்களைப் பார்த்துக் காரணங்களுக்கு மட்டும் அடிக்கோடு. மூன்றாம் முறை, சொல்லப்படாத காரணத்தைத் தேட வேண்டும்: எதை நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால் இந்த வாதம் நிற்கும்? அதை ஓரத்தில் எழுதுங்கள். மூன்றாவதுதான் கடினம், அங்கேதான் கை நழுவும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் சரியான வேகம். மணிக்கு 20 பக்கம் ஓடுகிறதென்றால் கதை வாசிப்பது போல வாசிக்கிறீர்கள்.

எங்கே கெடுகிறது? பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் பூசுவதில் கெடுகிறது. காரணமும் உதாரணமும் ஒரே நிறமானால் எதையும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். தேலீஸில் தொடங்கி சார்த்தர் வரை 600 பக்க வரலாறு வாங்கி வைப்பதிலும் கெடுகிறது. யார் என்ன சொன்னார் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. 12 நிமிட வீடியோவும் அதே ரகம், முடிவை மட்டும் கையில் கொடுத்துக் காரணத்தை எடுத்துக்கொள்கிறது. பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் முதல் 10 பக்கம் மட்டும் அடிக்கோடிட்ட தத்துவ நூல்கள் நிறையக் கிடைக்கும். புரட்டிப் பாருங்கள், முக்கால்வாசியில் ஹைலைட்டர்.

அல்சூர் ஏரி | 4 ஆகஸ்ட், மதியம் 1.15

அளவை சார், எல்லாம் சமஸ்கிருதம், கிரேக்கம்னே போகுதே. தமிழ்ல இதுக்குப் பாடப்புத்தகம்னு ஒண்ணு உண்டா?

அளவை | 4 ஆகஸ்ட், இரவு 9.30

உண்டு. பள்ளிக்கூடத்தில் அமுதசுரபியோடு நிறுத்திவிடுகிறார்களே, அதே மணிமேகலை. 30 காதைகளில் 27-வதும் 29-வதும் அளவை நூல், அதாவது தர்க்க நூல், என்றே சொல்லலாம்.

29-வதில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்லித்தருகிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று): இம்மலையில் நெருப்பு உண்டு. ஏது (காரணம்): புகை இருப்பதால். திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): அடுக்களை போல. உபநயம்: இம்மலையிலும் புகை உண்டு. நிகமனம்: ஆகவே நெருப்பு உண்டு. அதன் பிறகு எதெது போலி என்று நீண்ட பட்டியல். பக்கப் போலி 9. ஏதுப் போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் (நிறுவ வந்ததற்கு எதிரானதையே நிறுவுவது) என மூன்றாகி, அவை 4, 6, 4 என்று 14 ஆகப் பிரியும். திட்டாந்தப் போலி 10. மொத்தம் 33 விதமாகத் தவறலாம். பௌத்த அளவை மரபின் நியாயப் பிரவேசம் என்ற சிறு நூலின் கணக்கும் இதுவே.

27-வது காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் வருபவர் அளவைவாதி. அவர் அறிவு பெறும் வழிகளான 10 அளவைகளைச் சொல்லி, அறிவு போல் தோன்றி ஏமாற்றும் 8 வகையையும் சொல்கிறார். இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று எடுப்பது திரியக்கோடல். நிற்பது கட்டையா ஆளா என்று நிற்பது ஐயம். ஆராயாமலே கட்டையை ஆள் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். கடைசியாக வருவது நினைப்பு: பிறர் சொன்னார்கள் என்பதற்காக மட்டுமே ஒன்றை ஏற்பது. அதற்கு அவர் காட்டும் உதாரணம், இவர்தான் உன் தாய் தந்தை என்று பிறர் சொல்ல நம்புவது. துணிச்சலான உதாரணம். வேதத்தை அளவையாகக் கொள்கிற ஒருவர் வாயில் இதை வைத்திருக்கிறார் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார்.

அளவை | 5 ஆகஸ்ட், காலை 7.05

நேற்றைய குறிப்பு பட்டியலாகப் போய்விடக் கூடாது, ஓர் எண்ணத்தை உள்ளே விட்டுப் பார்ப்போம்.

“மேனேஜர் என்னை ஓரங்கட்டுகிறார், மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லவே இல்லை.” பக்கம் இருக்கிறது, ஏது இருக்கிறது. திட்டாந்தம் எங்கே? யாருடைய பெயரைச் சொல்லவில்லையோ அவரையெல்லாம் ஓரங்கட்டினார் என்ற தொடர்பு நிலைத்தால்தான் வாதம் நிற்கும். பெயர் சொல்லப்படாமலே பதவி உயர்வு பெற்ற ஒருவர் குழுவில் இருந்தால் அந்த ஏது இரண்டு பக்கமும் போகிறது. இது அநைகாந்திகம். பெயர் சொன்னாரா இல்லையா என்பதே உறுதியில்லை, அந்த நேரம் வைஃபை விட்டுவிட்டு வந்தது என்றால் ஏதுவே நிறுவப்படவில்லை. இது அசித்தம்.

கவனிக்க: எண்ணம் பொய் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. உண்மையாகவே ஓரங்கட்டலாம். இந்தக் காரணத்தால் அதை நம்ப வேண்டிய அவசியம் போயிற்று, அவ்வளவே. இதைத் தலைகீழாக்கி, “காரணம் தவறு, ஆகவே மேனேஜர் நல்லவர்” என்று போகிறவர் புதிய பிழை செய்கிறார். தொடங்கிய புதிதில் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பேச்சு மொழியில் இதற்குப் பாசிட்டிவ் திங்கிங் என்று பெயர்.

கணக்குப்புலி | 5 ஆகஸ்ட், காலை 10.10

அரிஸ்டாட்டில் மூணே வரியில முடிச்சதை ஐந்தாக்கறது வீண் வேலை. உபநயமும் நிகமனமும் சொன்னதையே திரும்பச் சொல்லுது.

அளவை | 5 ஆகஸ்ட், இரவு 8.45

அந்த இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று மணிமேகலையே சொல்கிறது, ஆகவே உங்கள் கட்சிக்கு அறவண அடிகளின் கையெழுத்து உண்டு. ஆனாலும் பழகும்போது ஐந்தையும் எழுதச் சொல்வேன். நான்காவதில்தான் அன்றாடச் சிந்தனை உடைகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு என்ற விதி சரி. இந்த மலையில் இருப்பது புகைதானா? விடியற்காலையில் நந்தி மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது புரியும். ஆவியோ பனியோ என்று ஐயம் இருக்கும்போதே புகை என்று துணிவதை 29-வது காதை சித்தாசித்தம் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மூன்று வரியில் எழுதினால் இந்தக் கேள்வி கண்ணில் படாமல் போகலாம். தேர்ந்த பிறகு மூன்றுக்கு இறங்குங்கள்.

பீன்யா ஷிஃப்ட் | 6 ஆகஸ்ட், அதிகாலை 1.30

மனசுக்குள்ள விடுதலைன்னு சொல்லியே வெளியில இருக்கற சங்கிலியை மாட்டிக்க வைக்கறதுதான் தத்துவம் காலங்காலமா செய்யற வேலை. ஏசி ரூம்ல உக்காந்து இதைப் பேசலாம்.

அளவை | 6 ஆகஸ்ட், இரவு 10.00

இந்த இழையில் வந்த பலமான எதிர்க்கட்சி இது. இன்னும் பலமாக்கித் தருகிறேன். தத்துவவாதி ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சுதந்திரத்தின் இரு கருத்துகள் பற்றி ஆற்றிய உரையில் இதையே சொல்கிறார். காலில் புண். வலியிலிருந்து விடுபட இரண்டு வழி: புண்ணை ஆற்றலாம், அல்லது காலையே வெட்டிவிடலாம். ஆசையை அறுத்துக்கொண்டு நான் சுதந்திரன் என்பது இரண்டாவது வழி, உள்கோட்டைக்குள் பின்வாங்குவது என்பது அவர் வாதம்.

ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவ மரபின் எபிக்டீட்டஸ்தான் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர். அவர் அடிமையாக இருந்தவர், ஏசி ரூம் கணக்கில் வரமாட்டார். அவருடைய கையேடு 53 சிறு பகுதிகள், தொகுத்தவர் மாணவர் ஆரியன். முதல் பகுதி எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கிறது: கருத்து, உந்துதல், ஆசை, வெறுப்பு நம் கையில். உடல், சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. மோசமாகப் படிப்பவர் இரண்டாவது பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்கப் போவார். பெர்லினின் அடி அவருக்குச் சரியாக விழும்.

சரியாகப் பிரிக்கும் விதத்தை நம்ம ஊர் வழக்கில் காட்டுகிறேன். வீட்டைக் காலி செய்கிறீர்கள். ஓனர் பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸில் மிச்சம் தருகிறேன் என்கிறார், அதையும் தராமல் இழுக்கிறார். தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நடந்தது மட்டும்: தேதி, தொகை, அவர் சொன்ன சொல். இரண்டாவதில் அதன் மேல் தோன்றியது: “ஏமாளி என்று நினைத்துவிட்டார்.” மூன்றாவதில் என் செயல்: ஒப்பந்தத்தை எடுத்துப் பெயிண்ட் பற்றிய வரி இருக்கிறதா பார்ப்பது, எழுத்தில் கேட்பது, தேவைப்பட்டால் வக்கீல் நோட்டீஸ். பணம் வருமா என்பது என் கையில் இல்லை. நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. இரண்டாவது பத்தியை அடித்துவிட்டால் மூன்றாவது இன்னும் கூர்மையாகிறது. கோபத்தில் எழுதிய நோட்டீஸில் தொகை தப்பாக இருக்கும்.

ஆக, சங்கிலியை மாட்டிக்கொள்வதா கழற்றுவதா என்பது மூன்றாவது பத்தி நிரம்புகிறதா என்பதைப் பொறுத்தது. காலியாகவே இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கிறது.

அளவை | 7 ஆகஸ்ட், காலை 6.50

மேலே சொன்னதற்கு ஒரு பின்சேர்க்கை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையை. சங்கத்துக்குக் கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு அது. சாதியை நியாயப்படுத்தும் கதைகளுக்கு ஆதாரம் என்ன என்று கேட்கவும், வேறு வாசிப்பை எதிரே வைக்கவும் தத்துவம் அங்கே பயன்பட்டது. ‘நினைப்பு’ என்ற அந்த எட்டாவது பிழையை ஒரு சமூகமே எதிர்கொண்டதென்றால் இதைச் சொல்லலாம். பீன்யா நண்பர் இதை மறுத்தால் கேட்கத் தயார்.

பீன்யா ஷிஃப்ட் | 7 ஆகஸ்ட், மதியம் 3.20

மறுக்கலை. ஆனா அங்க படிச்சது சங்கமா உக்காந்து. தனியா மூணு பத்தி எழுதினது இல்லை.

அளவை | 7 ஆகஸ்ட், இரவு 9.15

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். கூட்டுப் படிப்பு பற்றித் தனியாக எழுத வேண்டும்.

லென்ஸ் | 8 ஆகஸ்ட், காலை 9.00

17-ஆம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவை யாரும் சொல்லலையே! எதிக்ஸ் எழுதினதுக்காகவே ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரைத் தள்ளி வெச்சது. விடுதலைக்கு விலை குடுத்த ஆள்.

அளவை | 8 ஆகஸ்ட், இரவு 10.20

காலக்கணக்கு இடிக்கிறது. தள்ளிவைத்தது 1656 ஜூலை 27, அப்போது வயது 23, அவர் பெயரில் ஒரு நூலும் வெளிவந்திருக்கவில்லை. எதிக்ஸ் அச்சானது 1677, அவர் இறந்த பிறகு.

நூலைப் பொறுத்தவரை ஐந்து பாகங்கள். நாலாவது மனித அடிமைத்தனம், ஐந்தாவது விடுதலை. தொடங்குபவர் முதல் பாகத்தில் நுழைந்து, பொருள், பண்பு, வகை என்ற வரையறைகளில் மாட்டி மூச்சுத் திணறித் திரும்பிவிடுகிறார். மூன்றாம் பாகத்தின் கடைசிக்குப் போங்கள். 48 உணர்ச்சிகளுக்கு ஓரிரு வரியில் வரையறை இருக்கிறது. பொறாமை என்பது என்ன? பிறர் நலம் கண்டு வருந்தவும் பிறர் கேடு கண்டு மகிழவும் வைக்கும் வெறுப்பு. இனி பயிற்சி: “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு” என்று சொல்வதற்குப் பதில் அந்த 48-இல் எது என்று தேடுவது. ஸ்ட்ரெஸ் என்ற ஒரே மூட்டைக்குள் அச்சம், பொறாமை, வெட்கம், ஏமாற்றம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, ஆகவே மாற்றும் வேறு. ஐந்தாம் பாகத்தின் மூன்றாம் கூற்று, நம்மை ஆட்டிவைக்கும் உணர்ச்சியைத் தெளிவாக அறிந்த கணமே அது ஆட்டிவைப்பது நின்றுவிடும் என்கிறது. ‘கணமே’ என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பொறாமை என்று கண்டுபிடித்த பிறகும் லிங்க்ட்இன் பக்கத்தை மூடுவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடுகிறது பலருக்கு. பிடி தளர்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

மகாதேவபுரம்வாசி | 9 ஆகஸ்ட், இரவு 11.05

எல்லாத்தையும் கேள்வி கேட்டுக்கிட்டே போனா கடைசியில ஒண்ணும் நிக்காதே? அது விடுதலையா, பைத்தியமா?

அளவை | 9 ஆகஸ்ட், இரவு 11.40

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூமுக்கு அது நடந்தது. 1739-இல் வந்த பெரிய நூலின் முதல் புத்தக முடிவில் எதையும் நம்ப முடியாத இருட்டில் நிற்பதாக எழுதிவிட்டு, மருந்தும் சொல்கிறார்: நண்பர்களோடு சாப்பிடுவது, பேக்கமன் ஆடுவது, சிரித்துப் பேசுவது. மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அந்த வாதங்கள் கேலிக்கூத்தாகத் தெரிகின்றனவாம். ஆகவே இரவு 11 மணிக்கு மேல் ஐயவாதம் படிக்காதீர்கள். இந்த இழைக்கும் பொருந்தும்.

அளவை | 10 ஆகஸ்ட், காலை 7.30

விளையாட்டாகச் சொன்னதன் மறுபக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அது தத்துவப் பிரச்சினை அல்ல. எபிக்டீட்டஸை மூடி வையுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும். மூன்று பத்தித் தாளை மருத்துவரிடம் எடுத்துப் போகலாம், மருத்துவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

அளவை | 11 ஆகஸ்ட், இரவு 8.10

கூட்டுப் படிப்பு. நால்வர் அல்லது ஐவர். ஆறைத் தாண்டினால் இருவர் பேச மற்றவர் கேட்பார்கள். 90 நிமிடம், ஒரு பக்கம். முதல் 10 நிமிடம் ஒருவர் உரக்க வாசிப்பது. அடுத்த 30 நிமிடம் ஆசிரியரின் கட்சியை மட்டும் கட்டுவது, இந்த நேரத்தில் மறுப்புச் சொன்னால் சாயா செலவு அவருடையது. அடுத்த 30 மறுப்பு. கடைசி 20 நிமிடத்தில் மறுத்தவரே ஆசிரியர் சார்பில் பதில் சொல்ல வேண்டும்.

அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இப்படித்தான் அமைத்தார். முதலில் பரபக்கம் (பிறர் கட்சி): உலோகாயதத்தில் (பொருள்முதல்வாதத்தில்) தொடங்கி 14 மதங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொருவர் கட்சியையும் அவர் வாயாலேயே சொல்லவிட்டுப் பிறகு மறுப்பு. தன் சைவ சித்தாந்தம் அதற்குப் பின்தான், சுபக்கத்தில் (தன் கட்சியில்). பல நூற்றாண்டு கழித்து உலோகாயதன் என்ன பேசினான் என்று தெரிந்துகொள்ள அவனை மறுத்தவரின் நூலையே திறக்கிறோம்.

இதில் தேர்வு ஒன்று உண்டு. எதிர்க்கட்சியை அரைப் பக்கம் எழுதி, அந்தக் கட்சிக்காரரிடமே காட்டுங்கள். “ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்” என்று அவர் சொன்னால் தேறினீர்கள். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றால் திரும்ப எழுதுங்கள். காவிரி நீர் விஷயத்தில் கன்னடக்காரர் ஒருவரோடு இதைச் செய்து பார்ப்பது பெங்களூரில் வாழும் தமிழர்க்குப் பொருத்தமான வீட்டுப்பாடம். அவர் கட்சியை ஏற்க வேண்டியதில்லை. அவரே தலையாட்டும்படி எழுதிய பிறகு நம் கட்சியைச் சொன்னால், சொல்கிற தொனியே வேறாக இருக்கும்.

கணக்குப்புலி | 12 ஆகஸ்ட், காலை 8.00

கன்னடக் கவிஞர் டி.வி.ஜி.யோட கக்கம்கற பாட்டு நூலை என் டீம் கன்னட நண்பர் தினம் ஒரு பாட்டா அனுப்பறார். அதை வெச்சு இதைச் செய்யலாமா?

அளவை | 12 ஆகஸ்ட், இரவு 7.40

செய்யலாம். மங்குதிம்மன கக்கம் 1943-இல் வந்தது, 945 நாலடிப் பாட்டுகள். முடிவுகளை அழகாகச் சொல்லும் நூல், காரணம் பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். குட்மார்னிங் மெசேஜாக வாசித்துவிட்டுப் போவதைவிட, வாரம் ஒரு பாட்டு எடுத்து அதற்குப் பரபக்கம் எழுதுங்கள். நண்பர் கோபித்துக்கொண்டால் அவரையும் கூட்டத்தில் சேருங்கள், ஐந்தாவது ஆள் கிடைத்தார்.

அல்சூர் ஏரி | 13 ஆகஸ்ட், மதியம் 12.30

நேத்து தமிழ்ச் சங்கத்துல மணிமேகலை எடுத்தேன் சார். 29-வது காதை ஒரு வரி ஓடலை. எந்த உரை?

அளவை | 13 ஆகஸ்ட், இரவு 9.00

உ.வே.சா. 1898-இல் பதிப்பித்தபோது அவருக்கும் ஓடவில்லை. சைவ மடத்தில் படித்தவர், பௌத்தம் புதிது. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சைவர் ஒருவர் வைணவரிடம் பௌத்தம் கற்றார், தமிழுக்கு நூல் கிடைத்தது.

உங்களுக்குத் தேவையானது ந.மு. வேங்கடசாமி நாட்டார், ஔவை சு. துரைசாமிப் பிள்ளை இருவர் பெயரும் உள்ள உரை. 26-ஆம் காதை வரை நாட்டார் எழுதினார், 27 முதல் 30 வரை ஔவை. அளவைப் பகுதி முழுக்க ஔவை கையில் இருக்கிறது, போலி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. முதல் வாசிப்பில் ஐந்து உறுப்பும் ஏதுப் போலியில் அசித்தம் நாலும் போதும். அநைகாந்திகம் ஆறையும் ஒரே மூச்சில் படித்தால் குழம்பும், ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் உதாரணம் ஒன்று எழுதிக்கொண்டு நகருங்கள். திட்டாந்தப் போலியை இப்போதைக்குத் தாண்டிப் போங்கள்.